8 அடிக்கு 7 அடி சமையலறை: கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை 8 அடிக்கு 7 அடிதான். கூடத்தை ஒட்டிய சுவரை இடித்துவிட்டால் விசாலமாகத் தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் அது பாரம் தாங்கும் சுவரா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் சுத்தியலை எடுக்க வேண்டும். தூணும் உத்திரமும் உள்ள கட்டடத்தில் நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பாகவே இருக்கும் என்றாலும், தூண் இல்லாத பழைய கட்டடங்களில் தளத்தைச் சுமப்பவையே 9 அங்குலச் சுவர்கள்தாம் என்பதால், அவற்றில் கைவைக்கக் கூடாது. குடியிருப்போர் சங்கத்திடமும் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், மேடை மட்டத்துக்கு மேலே மட்டும் திறந்துவிட்டு, மிளகாய் தாளிக்கும் நெடி சோபா வரை வராதிருக்க ஒரு நகரும் கண்ணாடிக் கதவு போடுவேன்.

கேள்வி (மதுரை): மேடைக்கு அடியில் கடப்பைக்கல் தட்டுகள் இருக்கின்றன. பின்வரிசையில் வைத்த சாமான் கைக்கு எட்டுவதே இல்லை.

பதில்: 2 அடி ஆழத் தட்டில் முன்பாதி மட்டுமே புழங்கும், பின்பாதியில் இருப்பதை எடுக்கக் குனிந்து, முன்னால் இருப்பதையெல்லாம் தரையில் இறக்க வேண்டும். அங்கே கதவுக்குப் பதிலாக முழுதாக வெளியே வரும் இழுப்பறைகளைப் போட்டால், அதே இடத்தில் கடைசிக் கிண்ணமும் கண்ணுக்குத் தெரியும். கரண்டிகளுக்கு மேலே ஆழம் குறைந்த ஒன்றும், குக்கர் வகையறாவுக்கு அடியில் ஆழமான ஒன்றும் போதும். ஆசாரி அளவெடுக்க வரும் நாளில், வீட்டிலேயே உயரமான பாத்திரத்தை மூடியோடு எடுத்து மேடைமேல் வையுங்கள். என் சொந்த வீட்டில் நான் இதைச் செய்யவில்லை. எங்கள் இட்லிப் பானை இன்றும் பரணில்தான் இருக்கிறது, ஞாயிறுதோறும் ஸ்டூல் போட்டு இறக்குகிறோம்.

கேள்வி (திருச்சி): சிலிண்டரை அலமாரிக்குள் வைத்து மறைக்கலாமா?

பதில்: மறைக்கலாம், அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். ஆகவே அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போக்குவரத்துக்கு இடைவெளி விட்டே ஆக வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தும், அடுப்பு அதைவிட உயரத்திலும் இருக்க வேண்டும்; ரெகுலேட்டரை மூடுவதற்கு எதையும் நகர்த்த வேண்டியிருக்கக் கூடாது.

கேள்வி (கோவை): மேல் அலமாரிகளை எல்லாச் சுவர்களிலும் கூரைவரை கட்டிவிடலாமா?

பதில்: ஒரு சுவரில் மட்டும் கட்டுங்கள்; 12 அங்குல ஆழம் போதும், அதற்கு மேல் போனால் நெற்றி இடிக்கும். சன்னல் உள்ள சுவரைத் தொடவே வேண்டாம், சின்ன அறைக்கு வெளிச்சம்தான் அகலம்.

கேள்வி (தாம்பரம்): செலவைக் குறைக்க எம்.டி.எஃப். (மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்த) பலகை போதுமா?

பதில்: மேல் அலமாரிக் கதவுகளுக்குப் போதும். தொட்டிக்கு அடியில் வேண்டாம். குழாய் கசிந்தால் ஊறி உப்பிவிடும். அங்கே மட்டுமாவது ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள பிளைவுட்டை வாங்கி, வெட்டிய ஓரங்களையும் விடாமல் மூடச் சொல்லுங்கள்.