மனிதர்களோடு பழகாமல் வளர்கிற குழந்தைக்கு ‘நான்’ என்ற உணர்வு வருமா?

பசி, பயம், பாசம், பிடிவாதம் எல்லாம் வரும். ‘நான் இன்னார்’ என்பது மட்டும் தானாக வராது, அதைக் கூட இருப்பவர்கள்தான் தர வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் தம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

இந்தக் கேள்வி வந்தாலே வங்காளத்து மேதினிப்பூரில் ஓநாய்கள் வளர்த்ததாகச் சொல்லப்படும் கமலா, அமலா என்ற இரண்டு பெண் குழந்தைகளின் கதையை எடுத்துவிடுவார்கள். அவர்களை வளர்த்த பாதிரியார் எழுதிவைத்த குறிப்புகளைத்தான் அந்தக் கதை பெரிதும் நம்பியிருக்கிறது. அதன் மேல் பலத்த சந்தேகங்கள் உண்டு என்பதால் அதை விட்டுவிடுகிறேன். தனியாக வளரக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. நிறைந்த வீட்டுக்கு நடுவிலேயே ஒரு பிள்ளை தனியாக வளர முடியும்.

என் தம்பி 1994ல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தான். பிறவியிலேயே காது கேட்காது. ‘லேட்டாப் பேசுவான்’ என்று கொஞ்ச காலம், கோயில் குளம் என்று கொஞ்ச காலம், அப்படியே எட்டு வயதாகிவிட்டது. பாசத்துக்குக் குறைவில்லை. அப்பத்தா மடியை விட்டு இறங்க மாட்டான். வீட்டுக்குள் நாங்களாகச் சில சைகைகள் வைத்திருந்தோம். மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. முதுகை வளைத்துக் கம்பு ஊன்றினால் அப்பத்தா. கண்ணைச் சுற்றி விரலை வளைத்தால் கண்ணாடி போட்ட நான். பசுவுக்கு, பஸ்ஸுக்கு, கோயில் பூசாரிக்குக்கூட ஒன்று இருந்தது. அவனுக்கு மட்டும் இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்டுவோம், கொஞ்சம் தள்ளி நின்றால் தரையை மிதிப்போம். அவனைப் பற்றிப் பேசியதெல்லாம் வாயால்தான், அவன் முன்னாலேயே. தனக்கு ஒரு பெயர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

2002ல் டவுனில் விடுதியோடு இருந்த காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தோம். வகுப்பில் உதட்டசைவைப் பார்த்துப் பேசத்தான் பழக்கினார்கள். அது அவனுக்கு ஏறவில்லை. விடுதியில், சாப்பாட்டு வரிசையில், ராத்திரி லைட்டை அணைக்கும்வரை பெரிய பையன்கள் கையால் பேசுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். காலாண்டு லீவுக்கு வந்தவன், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் முன்னால் நின்று, ஆள்காட்டி விரலால் இடது புருவத்தைக் குறுக்கே கீறிக் காட்டினான். அப்புறம் நெஞ்சைத் தட்டினான். மறுபடி கீறினான், தட்டினான். சின்ன வயதில் திண்ணையிலிருந்து விழுந்து அந்தப் புருவத்தில் அவனுக்கு ஒரு தழும்பு உண்டு. பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. காது கேளாதோர் தங்களுக்குள் இப்படிப் பெயர்ச் சைகை வைப்பது பல நாடுகளிலும் இருக்கிற வழக்கம். பெரும்பாலும் யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்வதில்லை, கூட இருப்பவர்கள் பார்த்து வைப்பதுதான்.

அன்று அம்மா தன் புருவத்தைக் கீறி அவனைக் கூப்பிட்டாள். ஓடி வந்தான். திரும்பப் போய் அதே இடத்தில் நின்றுகொண்டு, இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லி அம்மாவையே பார்த்தான். பொழுது சாயும்வரை அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் லீவில் வந்தபோது கேள்விகள் ஆரம்பித்தன. அப்பத்தா இறந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இறந்த புதிதில் அந்தக் கயிற்றுக் கட்டில் பக்கத்திலேயே நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தான், எங்களால் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இப்போது முதுகை வளைத்துக் கம்பு ஊன்றிக் காட்டிவிட்டு இரண்டு கையையும் விரித்தான்: எங்கே? அத்தனை நாளும் அந்தக் கேள்வியை உள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

அதே லீவில்தான் பொய்யும் சொன்னான். அதிரசத்தில் நாலைத் தின்றுவிட்டு, ஆடு வந்து தின்றதாகக் கையால் கதை கட்டினான். முன்பெல்லாம் எதையாவது எடுத்துத் தின்றால் ஓடி ஒளிவான், அவ்வளவுதான். அம்மாவுக்கு எது தெரியும், எது தெரியாது, எதைச் சொன்னால் நம்புவாள் என்று இப்போது யோசித்திருக்கிறான்.

பல வருஷம் கழித்து நிகரகுவாவைப் பற்றிப் படித்தபோது அந்த அதிரசம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நாட்டில் 1970கள் வரை காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் என் தம்பி மாதிரிதான், ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாக இருந்தார்கள். 1977ல் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கு ஒரு பள்ளி, 1980ல் ஒரு தொழிற்பள்ளி. சில வருஷத்தில் இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவாகச் சொல்லிக்கொடுக்கப் போராட, பிள்ளைகள் மைதானத்திலும் பள்ளி பஸ்ஸிலும் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து புது மொழியே உண்டாக்கிவிட்டார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை இன்னும் செறிவாக்கினார்கள்.

ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் என்ற இரண்டு பேர் அவர்களிடம் செய்த ஆய்வு 2009ல் வெளியானது. ஒருவன் ஒரு பொருளை ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறான், அவன் இல்லாத நேரத்தில் இன்னொருவன் அதை இடம் மாற்றிவிடுகிறான். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? தான் வைத்த பழைய இடத்தில்தான் என்று சொல்ல வேண்டும். சோதனை இந்த மாதிரிதான். அந்தப் பள்ளிகளில் முதலில் சேர்ந்து, அதற்குள் பெரியவர்களாகிவிட்டவர்களில் பலர் இதில் தவறினார்கள். ‘நினைக்கிறான்’, ‘தெரியும்’ என்பது போன்ற சைகைகளை அவர்கள் குறைவாகவே பயன்படுத்தினார்கள். பின்னால் சேர்ந்த இளையவர்கள் நன்றாகச் செய்தார்கள். சுமார் இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், மூத்தவர்களிடமும் அந்தச் சைகைகள் கூடியிருந்தன, சோதனையிலும் தேறினார்கள். அடுத்தவர் மனசு என்று ஒன்று தனியாக இருப்பது பிடிபட்டால்தானே தன் மனசு தனி என்பதும் பிடிபடும்?

இதற்கு மறுபக்கமாக ருமேனியாவின் அநாதை இல்லங்களைச் சொல்லலாம். அங்கே பிள்ளைகளுக்குக் காது கேட்டது, வயிற்றுக்கும் கிடைத்தது, எடுத்து வைத்துக் கொஞ்ச ஆள்தான் இல்லை. 2000ல் அந்த நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அறிவு வளர்ச்சியிலும் ஒருவரிடம் ஒட்டிக்கொள்வதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகவே தேறினார்கள். என் தம்பிக்குப் பாசம் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. இவர்களுக்குப் பேச்சைக் கேட்கக் காது இருந்தது, பேச ஆள் இல்லை. இரண்டும் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்காக எல்லாமே சமூகம் தருவது என்று சொல்ல மாட்டேன். தம்பியின் பிடிவாதமும், யாரைப் பார்த்தாலும் முந்திக்கொண்டு சிரிப்பதும் பள்ளிக்குப் போகுமுன்பே இருந்தவை. இன்றும் அப்படியே இருக்கின்றன. பள்ளிக்குப் பிறகு அவனுக்கு வந்தது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு கதை. நேற்று நான் இப்படி இருந்தேன், அப்பத்தா என்னை வளர்த்தாள், நாளைக்கு டெய்லர் ஆவேன் என்று சொல்ல முடிந்தது. அவன் டெய்லர் ஆகவும் செய்தான்.

அவனுக்கு இப்போது இருபது மாதத்தில் ஒரு மகள். குழந்தைகள் கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று கண்டுகொள்வது பெரும்பாலும் 18லிருந்து 24 மாதத்துக்குள். அவளுக்குக் காது கேட்கும், நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள். கன்னத்தில் குழி விழுவதால் தம்பி அவளுக்கு வைத்த சைகை, விரலால் கன்னத்தைத் தொடுவது. போன வாரம் பீரோக் கண்ணாடி முன்னால் தூக்கிப் பிடித்து ‘யாரு?’ என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே விரலைத் தன் கன்னத்தில் வைத்தாள்.