அக்ரெடிடேஷன் பிரிவு என்றால் ஃபைல் அடுக்கும் வேலையா?

வணக்கம் சார். கடன் வாங்கி அமெரிக்காவுக்கு எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிக்க அனுப்பினால், கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையில் அக்ரெடிடேஷன், அதாவது தர அங்கீகாரப் பிரிவில் இன்டர்ன்ஷிப் என்று மகள் சொல்கிறாள், ஃபைல் அடுக்கும் வேலை மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஃபைல் உண்டு சார், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அங்கே மாநில, உள்ளூர் சுகாதாரத் துறைகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தருவது பிஎச்ஏபி (பொது சுகாதார அங்கீகார வாரியம்). 2007இல் தொடங்கியது, 2013இல் முதல் 11 துறைகளுக்கு அங்கீகாரம் தந்தது. கட்டாயம் இல்லை, துறைகளே விரும்பி விண்ணப்பிக்கின்றன. 5 ஆண்டுகள் செல்லும். (மகள் படிக்கும் படிப்பை அங்கீகரிப்பது வேறு அமைப்பு, சிஇபிஎச். அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

விண்ணப்பிக்கும் துறை, "நாங்கள் நன்றாகச் செய்கிறோம்" என்று வாயால் சொன்னால் போதாது. ஊர்மக்களின் உடல்நிலையைக் கணக்கெடுத்தாயா, அதை வைத்துத் திட்டம் போட்டாயா என்று ஆவணத்தோடு ஆதாரம் கேட்பார்கள். தேதி இல்லாத ஆவணம் செல்லாது. இதற்காகத் துறை முழுக்க அலைந்து, ஆள் ஆளாகக் கேட்டு ஆவணங்களை வாங்குகிற இன்டர்னுக்கு, எந்தப் பிரிவில் என்ன நடக்கிறது என்பது மூன்றே மாதத்தில் அத்துப்படியாகிவிடும்.

இந்த வேலையில் தர மேம்பாடு என்பது இன்னும் சுவாரஸ்யமான பகுதி. தடுப்பூசிக்கு நேரம் வாங்கிய தாய்மார்கள் பாதிப் பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இங்கே அப்படி விட மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று அவர்களையே கேட்பார்கள். கிளினிக் மூடிய பிறகுதான் அவர்களுக்கு வேலை முடிகிறது என்று தெரிய வரும். ஒரே ஒரு கிளினிக்கில், இரண்டு வாரம், ஒரு நாள் மட்டும் மாலை ஏழு வரை திறந்துவைத்து எண்ணிப் பார்ப்பார்கள். வருகை கூடினால் மற்ற கிளினிக்குகளுக்கும் கொண்டுபோவார்கள், இல்லையென்றால் வேறு காரணம் தேடுவார்கள். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற இந்தச் சுற்றைக் கையால் செய்து பழகியவருக்கு மருத்துவமனைகளின் தரப் பிரிவுகளிலும் இடம் உண்டு.

சரி, கவலைப்பட வேண்டியது எதற்கு? பணத்துக்கும் விசாவுக்கும். இந்த வேலைகளில் பல மானியத்தை நம்பியவை. 2025 மார்ச்சில் கோவிட் கால நிதியில் 1,100 கோடி டாலருக்கு மேல் நிறுத்துவதாக அமெரிக்க மத்திய அரசு அறிவித்தபோது உள்ளூர்த் துறைகள் ஆடிப்போயின. விசாவுக்கு ஸ்பான்சர் செய்யாத கவுன்ட்டிகளும் உண்டு.

அதனால் மகளை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பிறகு நிரந்தர வேலை கொடுத்தால், சம்பளம் கவுன்ட்டி பட்ஜெட்டிலிருந்தா, மானியத்திலிருந்தா? விசாவுக்கு ஸ்பான்சர் செய்வார்களா? பதில் வந்ததும் எழுதுங்கள். இரண்டுக்கும் பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் இன்டர்ன்ஷிப்பை விட வேண்டாம். முழுநேர வேலையை மட்டும் வேறு இடத்தில் தேடச் சொல்லலாம்.