வாசகர் கேள்வி – பதில்

மேலூர் பக்கக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளிடம் சமூகவியல் ஆய்வுக்காகப் பேசுகிறேன். எல்லோரும் 'டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிடுறேன்' என்கிறார்கள். இதைத் தாண்டுவது எப்படி?
– ஆய்வு மாணவி, மதுரை

உங்களை நர்ஸ் என்று நினைத்துச் சொல்லும் பதில் அது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. நோட்டோடு வந்து நிற்பவர் கணக்குக் கேட்க வந்தவர்தானே!

'ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?' என்பதை விடுங்கள். மாத்திரைப் பையை எடுத்துவரச் சொல்லி, 'எப்பப்ப விட்டுப்போகும்மா?' என்று கேளுங்கள். காலை, இரவு என்றால் மாதத்துக்கு 60. அதில் 20 மிச்சமிருந்தால் பேச்சு அங்கே தொடங்கும். நீங்களாக எண்ணிக் காட்டாதீர்கள், போலீஸ் விசாரணை ஆகிவிடும்.

'சூடு பண்ணுது' என்பார்கள். அதைக் குறிப்பில் 'பக்கவிளைவு' என்று மாற்றினால் ஆய்வு அங்கேயே கெட்டது. நீர்க்கடுப்பா, வாய்ப்புண்ணா, மூலமா? கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் பிரையன் வின் ஆய்வையும் படியுங்கள். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் கதிரியக்கத்துக்குப் பயந்து போட்ட செம்மறி விற்பனைத் தடை மூன்றே வாரம் என்றார்கள் விஞ்ஞானிகள். அது பல ஆண்டு நீண்டது. கதிரியக்கம் எப்போது அடங்கும் என்பதற்குக் களிமண்ணுக்கான கணக்கை அமில மலைமண்ணுக்குப் போட்டிருந்தார்கள். அந்த மண்ணை அறிந்த ஆட்டுக்காரர்களை யாரும் கேட்கவில்லை. தன் உடம்பை அறிந்த நோயாளியைக் கேட்காமல் விடுவதும் அதே தப்புதான்.