ஊர் திரும்பியதும் வந்த பில்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் சென்று பத்து நாள்கள் உட்லண்ட்ஸில் தங்கினேன். அந்த நாட்டுக்கான ரோமிங் பேக் போட்டிருந்தும், போஸ்ட்பெய்டு பில் 23,000 ரூபாய் வந்திருக்கிறது. கட்டத்தான் வேண்டுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: பதறிப்போய் முழுத்தொகையையும் கட்டிவிடாதீர்கள், கட்டாமல் சும்மா இருந்தும் விடாதீர்கள். முதலில் விவரமான பில்லைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியிலும் நாட்டின் பெயரைப் பாருங்கள். உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் இடையில் ஒரு குறுகிய நீரிணைதான் இருக்கிறது என்பதால், வீட்டுக்குள் இருக்கும்போதே போன் தானாக மலேசிய சிக்னலைப் பிடித்துக்கொள்ளக்கூடும். சிங்கப்பூருக்கு மட்டுமான பேக் அங்கே செல்லாது. பேரக்குழந்தையின் படங்கள் நீங்கள் அறியாமலே கிளவுடில் ஏறிக்கொண்டிருந்தாலும் டேட்டா கரைந்திருக்கும்.

சந்தேகமில்லாத தொகையை மட்டும் கெடு தேதிக்குள் கட்டிவிட்டு, மீதியை ஏற்கவில்லை என்று நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி அவர் 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதுவும் பலிக்கவில்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகத் தயங்காதீர்கள். தொலைபேசிப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகக் கூறிவிட்டது. உங்கள் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும்.