நண்பனுக்குத் திடீரென்று கை கால் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நான் என்ன செய்வது?

கில்லன் பாரே என்ற நரம்பு நோய் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுதுகிறேன். என் நண்பனுக்கும் அதேதான்.

முதல் வேலையாக, இது மூளையில் வரும் பக்கவாதம் இல்லை என்று அவர் வீட்டாருக்குப் புரியவையுங்கள். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் நரம்புகளையே தாக்கிவிடுகிறது. எங்கள் சேலத்தில் ‘வாதம்’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், எண்ணெய் போட்டு நீவுகிற ஆள் பெயரை ஆளுக்கொன்று சொல்வார்கள். நாட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை, சண்டைக்கு வராதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் சூடாக ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

என் நண்பனுக்குச் சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் வேலை. பாதம் மரத்தது, அப்புறம் இடுப்புக்குக் கீழே விழுந்தது, அப்புறம் மூச்சு. ஐசியுவில் எடைக் கணக்குப்படி 5 நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஊரே வந்தது. வீட்டுக்கு வந்து சில வாரத்தில் ஒருவரும் இல்லை. உங்களுக்கு வேலை அப்போதுதான் ஆரம்பம். நரம்பின் உறை மெல்ல மெல்லத்தான் வளரும். மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு வருஷமும் தாண்டும். பெரும்பாலானவர்கள் மறுபடி நடக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக ‘அடுத்த மாதம் ஓடுவடா’ என்று தேதி குறிக்காதீர்கள்.

பிசியோ வரும் நேரத்தில் கூட உட்காருங்கள். ஆர்வத்தில் இன்னும் பத்து தடவை செய் என்று விரட்டவும் வேண்டாம்; அளவு மீறினால் அசதியில் மறுநாள் கையே தூக்க வராது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

என் நண்பனுக்கு விரல்தான் கடைசியில் திரும்பியது. ஒரு நாள் தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட், சட்னி வைத்தது) வாங்கிப் போனேன். ஊட்டப் போனால், “கையை எடுடா” என்றான். கட்டைவிரல் நகர்கிறது, ஆள்காட்டி விரல் சேரவில்லை. தட்டுவடை நொறுங்கி, பீட்ரூட்டும் சட்னியும் சட்டையெல்லாம். அவன் அம்மா துடைக்க ஓடிவந்தார், நான் தடுத்துவிட்டேன். கல் நெஞ்சன் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். அடுத்த செட்டை அவனே எடுத்தான்.

பட்டறைக்காரர் விஷயம் வேறு. கொடுத்த அட்வான்ஸை ஐசியு வாசலில் வைத்துக் கேட்டார். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் இல்லை என்று கூலியைக் குறைப்பார்கள், இறங்கினால் லாபம் இல்லை என்று குறைப்பார்கள். கொலுசு போடுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. உங்கள் நண்பரும் கூலி வேலை என்றால், கடன் கேட்டு வருகிறவர்களிடம் நீங்களே பேசுங்கள். அவர் காதில் இப்போது எதுவும் விழ வேண்டாம்.