எலும்புச் சுவரும் சிப்பிக்கல் கடையும்

கேள்வி: மன்னார் – பூநகரி வீதியில் எங்கள் பாட்டனார் கட்டிய பழைய கடை ஒன்று உண்டு. பூச்சு உதிர்ந்த இடங்களில், கல்லுக்குள் சிப்பியும் ஊரியும் பதிந்திருப்பது தெரிகிறது. கற்கள் வள்ளத்தில் வந்தவை என்று மட்டும் அம்மா சொல்கிறார். அமெரிக்காவில் டைனோசர் எலும்புகளால் கட்டிய வீடு ஒன்று வீதியோரம் இருப்பதாக மகன் சொல்கிறான். அது உண்மையா? எங்கள் சுவரும் அப்படிப்பட்டதுதானா? சீமெந்து பூசித் திருத்த எண்ணியிருக்கிறோம், செய்யலாமா?
– ஒரு வாசகி, வெள்ளாங்குளம்

பதில்: உங்கள் மகன் சொன்னது உண்மை. வயோமிங் மாநிலத்தில், மெடிசின் போ என்ற சிற்றூருக்குக் கிழக்கே, கோமோ பிளஃப் என்னும் நீண்ட மேட்டுக்கு அருகில் அந்தக் கட்டிடம் கட்டப்பட்டது. தோமஸ் பொய்லன் என்பவர் தமது காணியிலும் அயலிலும் கிடந்த எலும்புகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்து, 1932 இல் வேலையைத் தொடங்கி அடுத்த ஆண்டில் முடித்தார். 29 அடி நீளமும் 19 அடி அகலமும் கொண்ட அந்தச் சிறிய கட்டிடத்தில் 5,796 எலும்புகள் உள்ளன. அவற்றின் நிறை 102,166 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 46 தொன். எலும்புக்கு இவ்வளவு பாரம் ஏது என்று கேட்கத் தோன்றும். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றில் புதைந்த அந்த எலும்புகளின் நுண்துளைகளில், நிலத்தடி நீர் கொண்டுவந்த கனிமங்கள் சிறிது சிறிதாகப் படிந்து அவற்றைக் கல்லாக்கிவிட்டன. ஆகவே பொய்லன் அடுக்கியவை எலும்பின் வடிவம் மாறாத கற்களே.

முழு டைனோசர் ஒன்றின் எலும்புக்கூட்டை நிறுத்துவதே அவருடைய முதல் எண்ணம். சேர்த்தவை பல விலங்குகளின் எலும்புகள், ஒன்றோடொன்று பொருந்தமாட்டா என்று அறிந்தவர்கள் சொன்ன பிறகுதான் அவை சுவராயின. வீதியோரத்தில் அவர் நடத்திய எரிபொருள் நிலையத்துக்கு வாகனக்காரரை இழுப்பதும் நோக்கமாக இருந்தது. 1970 இல் புதிய நெடுஞ்சாலை வேறு வழியாகத் திறக்கப்பட்டதும் அந்தப் பழைய வீதி வெறிச்சோடியது. கட்டிடமும் கவனிப்பாரின்றி மூப்படையத் தொடங்கியது. 2008 இல் அது அந்நாட்டின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

அந்தக் கட்டிடத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் அதை நினைக்கும்போது ஒரு வருத்தமும் வருகிறது. 1877 இல் இரண்டு ரயில்வே ஊழியர்கள் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷுக்கு எழுதிய கடிதத்தால் வெளியுலகுக்குத் தெரிய வந்த மேடு அது. ஸ்டெகோசோரஸ், அலோசோரஸ் போன்ற டைனோசர்களின் எலும்புகள் அங்கே தோண்டியெடுக்கப்பட்டன. ஓர் எலும்பு எந்தப் பாறைப் படையில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் ஆய்வாளர் அதிலிருந்து அந்தக் காலத்தை வாசிக்க முடியும். சுவரில் ஏறிய 5,796 எலும்புகளைப் பொறுத்தவரை அந்தச் செய்தி பெரும்பாலும் தொலைந்துவிட்டது.

இனி உங்கள் கடைக்கு வருவோம். பூச்சு உதிர்ந்த இடத்தில், காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில், ஒரு கல்லை அருகில் சென்று பாருங்கள். பூவிதழ் போன்ற கோடுகள் கொண்ட சிறு குழிகள் ஒழுங்காக நெருங்கியிருந்தால் அது முருகைக்கல். முன்பு கடலோரத்தில் வெட்டியெடுக்கப்பட்ட பவளப்பாறை. மஞ்சளும் சாம்பலும் கலந்த இறுகிய கல்லில், சிப்பி கரைந்துபோய் அதன் அச்சு மட்டும் பள்ளமாக நின்றால், அது பெரும்பாலும் மயோசின் என்னும் மிகப் பழைய புவியியற் காலத்துச் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலும், பூநகரி முதல் மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான மேற்குக் கரையின் அடியிலும் பரந்திருக்கும் கல் அதுவே. 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய அந்தக் கல்லில் பதிந்த சிப்பி, ஐயமின்றி உயிர்ச்சுவடுதான், அதாவது கல்லில் எஞ்சிய பண்டைய உயிரின் தடயம்தான். அப்படியானால் டைனோசர் இல்லாவிட்டாலும் உங்கள் சுவரும் அந்த எலும்புச் சுவருக்கு உறவுதான்.

வள்ளத்தில் வந்த கல் என்று அம்மா சொல்வதை அவருடைய வாய்ச்சொல்லாகவே இன்றைக்கே எழுதிவையுங்கள். எந்தத் துறையில் இறக்கினார்கள், எந்த ஊர் வள்ளம், கல் வெட்டியவர் யார், கடை கட்டியது எந்த ஆண்டு என்று கேளுங்கள். போரில் காணி உறுதிகளும் படங்களும் போய்விட்ட நம் வன்னியில், முதியவரின் நினைவைத் தவிர வேறு பத்திரம் பல குடும்பங்களிடம் இல்லை. பிறகு கல்லருகே ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். சிப்பியை உளியால் பெயர்த்தெடுக்க மட்டும் யாரையும் விடவேண்டாம்.

சீமெந்து பூசவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் கடற்காற்றின் உப்பும் பழைய சுண்ணாம்புச் சாந்தின் வழியாக வெளியேறி வந்தன; மேலே சீமெந்து இறுகியதும் அவை கல்லுக்குள்ளே அடைபட்டு, உப்பு பளிங்காகி, கல்லைப் பொடியாக உதிர்க்கும். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தையே மேசனிடம் கேளுங்கள். அதற்கும் முதல் கூரை ஒழுக்கை அடைத்து, சுவரடியில் மழைநீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு அத்திவாரக் கருங்கல்லிலும் இப்படி உயிர்ச்சுவடுகள் இருக்குமா?
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: இருக்காது. உள்வன்னியின் கருங்கல், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட பாறை. அந்த வேக்காட்டில் எந்த உயிரின் தடயமும் தங்காது. அதில் மின்னுவது காக்காப்பொன் (மைக்கா) என்ற கனிமம்.