வாசகர் கேள்வி – பதில்: அவரோடு நிற்கும் பணம், உங்களுக்கு வரும் பணம்

கேள்வி: என் கணவர் காரைக்காலில் பிறந்தவர். பிரான்ஸுக்குப் போய் 1960-இல் ராணுவத்தில் சேர்ந்தார். அல்ஜீரியாவில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்து 1975-இல் வெளியே வந்தார். எங்கள் கல்யாணம் 1966-இல் நடந்தது. காது மந்தமானதற்கு 30 சதவீத ஊனப் பென்ஷனும் அவருக்கு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். போருக்குப் போனவர் என்பதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கொம்பத்தான் பணமும் மாதப் பென்ஷனும் நின்றுவிட்டன. கொம்பத்தான் பணத்தில் பாதியாவது கொடுங்கள் என்று எழுதினேன். விதவைக்குக் கிடையாது என்று பதில் வந்தது. இனி ஒன்றும் வராது என்கிறான் மகன். அப்படித்தானா?
– வாசகி, வயது 78, சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: இல்லை அம்மா. உங்களுக்கு வந்த பதில் சரி. அதை வைத்து மகன் கட்டிய முடிவுதான் தப்பு. உங்கள் வீட்டுக்கு மூன்று பணம் வந்துகொண்டிருந்தது. மூன்றுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு. நீங்கள் கேட்டது, மூன்றில் விதவைக்கு ஒருபோதும் கிடைக்காத பணம்.

கொம்பத்தான் பணம் 1930-இல் கொண்டுவரப்பட்டது. போருக்குப் போனவருக்கு நாடு காட்டும் நன்றி என்ற கணக்கில், 65 வயதிலிருந்து தருகிறார்கள். இப்போது வருஷத்துக்குச் சுமார் 800 யூரோ. அவர் கண்ணை மூடியதும் அதுவும் முடிந்தது. அவர் போர்முனையில் இருந்தபோது இங்கே வீட்டைச் சுமந்தவளுக்கு அந்த நன்றியில் பங்கில்லையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சட்டம் அப்படி. ஆனால் கடைசியாகப் பணம் ஏறிய நாளிலிருந்து அவர் காலமான நாள்வரை உள்ள பாக்கி வாரிசுகளுக்குச் சேரும். வாங்கியிருக்காவிட்டால் உடனே கேளுங்கள்.

பெரிய விஷயம் மாதப் பென்ஷன். அது அவருடைய பதினைந்து வருஷ உழைப்புக்கு வந்த ஓய்வூதியம். அதில் பாதி, அதாவது 50 சதவீதம், உங்களுக்கு. இதற்குப் பெயர் ரெவெர்சியோன். அவர் ராணுவத்தை விட்டு விலகுவதற்குக் குறைந்தது இரண்டு வருஷம் முன்னால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். அது இல்லையென்றாலும் நான்கு வருஷமாவது சேர்ந்திருந்த திருமணமாகவோ, பிள்ளை பிறந்ததாகவோ இருந்தால் போதும். 1966-க்கும் 1975-க்கும் நடுவே ஒன்பது வருஷம் இருக்கிறது, உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் அது தானாக வராது. நாந்த் நகரில் இருக்கும் அரசு ஓய்வூதியத் துறைக்கு நீங்கள் விண்ணப்பம் போட்டால்தான் வரும். இரண்டு வருஷம் போய்விட்டதே என்று பயப்படாதீர்கள். மனுப் போட்ட வருஷமும் அதற்கு முந்தைய நான்கு வருஷமும் வரை பின்தேதிப் பாக்கி உண்டு. இன்னும் தள்ளிப்போட்டால்தான் ஒவ்வொரு வருஷமாகக் கைநழுவும்.

மூன்றாவது, ஊனப் பென்ஷன். கணவரின் சதவீதம் 60-ஐத் தொட்டிருந்தால் விதவைக்கும் பென்ஷன் உண்டு, 85-ஐத் தொட்டிருந்தால் தொகையும் கூடும். இல்லையென்றால் சர்வீஸில் வந்த காயமோ நோயோதான் அவர் சாவுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். காது மந்தம், 30 சதவீதம்: இந்த வழி உங்களுக்குக் கிடையாது. இதற்காக லா ரோஷெலில் இருக்கும் ஊனப் பென்ஷன் அலுவலகத்துக்கு எழுதித் தபால் காசை வீணாக்க வேண்டாம்.

இனி காகிதம். இறப்புச் சான்று, உங்கள் பிறப்புப் பதிவு, ஓரத்தில் பின்னால் எழுதிய குறிப்புகளோடு கூடிய திருமணப் பதிவு, வங்கிக் கணக்கு விவரச் சீட்டான ‘ரிப்’ எல்லாம் வேண்டும். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவுச் சாளரத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன். ராணுவப் புத்தகத்தில் ராமசாமிக்கு இரட்டை ‘எஸ்’, கல்யாணப் பதிவில் ஒற்றை ‘எஸ்’. மனைவி பெயரின் கடைசியில் ‘அம்மாள்’ ஒன்றில் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் காணாமல் போயிருக்கும். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். புதுச்சேரி, காரைக்கால் பக்கம் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளை நாந்திலுள்ள மையப் பதிவகத்தில் கேட்டு வாங்கலாம், கட்டணம் இல்லை. வந்ததும் கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லி அங்கேயே மனுப் போடலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை. வக்கீல் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவருக்கு ஏதோ கமிஷன் இருக்கிறது.

அப்புறம், உங்களுக்கு 74 தாண்டிவிட்டது. கொம்பத்தான் பணம் வாங்கியவரின் விதவை என்ற முறையில் வருமான வரிக் கணக்கில், வரியைக் குறைக்கும் அரைப் பங்கு ஒன்றைக் கூடுதலாகக் கேட்கலாம். வரியே கட்டாதவருக்கு இதனால் காசு வராது, அது வேறு. கை இறுக்கமாக இருந்தால் சேன் தெனியிலுள்ள முன்னாள் போர்வீரர் அலுவலகத்தில், ஊரில் எல்லோரும் ‘ஓனாக்’ என்கிறோமே அங்கே, விதவை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். வைத்தியச் செலவு, வீட்டு வேலைக்கு ஆள் என்று அவ்வப்போது உதவி செய்வார்கள். மாதா மாதம் வரும் பணம் அல்ல.

கேள்வி: புதுச்சேரியில் இருக்கும் என் சித்தப்பா மனைவி இந்தியக் குடிமகள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சித்தப்பாவுக்காக வரும் விதவைப் பென்ஷன் மிகவும் சொற்பமாக இருந்ததாம். இங்கே இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் அதிகம்?
– வாசகர், சேன் பியேர்

பதில்: ‘இருந்ததாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. 1959 டிசம்பரில் வந்த நிதிச் சட்டம், முன்னாள் காலனிகளின் குடிமக்களாகிப் போனவர்களின் பென்ஷனை அன்றைய தொகையிலேயே உறைய வைத்தது. பிரான்ஸில் விலைவாசியோடு பென்ஷன் ஏறியது, அங்கே ஏறவில்லை. ஒரே போரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கு, பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தொகை! 2007-இல் ஒரு பகுதியைச் சரிசெய்தார்கள். 2010 மே 28-இல் அரசியலமைப்பு மன்றம் அந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. குடிமக்களே எழுப்பும் கேள்வியை அந்த மன்றம் விசாரிக்கும் புதிய முறையில் வந்த முதல் தீர்ப்பே இதுதான். 2011 ஜனவரி 1 முதல் தொகை சமம். சித்தியின் கடைசிப் பென்ஷன் சீட்டை வாங்கிப் பாருங்கள். இன்னும் பழைய கணக்கில் வருவதுபோல் தெரிந்தால் புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாயால் கேட்டது எந்தக் கோப்பிலும் ஏறாது.

கேள்வி: அப்பா இந்தோசீனப் போரில் இறந்தார். போரில் அனாதையான பிள்ளைகளுக்கு 27,000 யூரோ தருகிறார்களாமே?
– வாசகர், லே போர்

பதில்: 27,440 யூரோ 82 சென்ட். ஆனால் உங்களுக்கு இல்லை. 2000, 2004 ஆண்டு ஆணைகள் இரண்டாம் உலகப் போரில் யூத விரோதக் கொடுமைக்கும் நாஜிக் கொடுமைக்கும் பலியானவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். ஆனால் போர் அனாதை என்ற முறையில் ஓனாக் உதவியை ஆயுள் முழுக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: ராணுவ ரெவெர்சியோன் வாங்குகிறேன். வயது 56. மறுமணம் செய்தால் நின்றுவிடுமா? சும்மா சேர்ந்து வாழ்ந்தால்?
– பெயர் வேண்டாம்

பதில்: இரண்டுக்கும் நிற்கும். கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழப் பதிவு செய்யும் ‘பாக்ஸ்’ ஒப்பந்தம் போட்டாலும் அதே கதைதான். பின்னால் அந்த உறவு முடிந்துபோனால் பழைய பென்ஷனைத் திரும்பக் கேட்கலாம். தொகை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஆளைப் பற்றியும் எழுதவில்லை. இரண்டையும் தெரிந்தவர் நீங்கள், கூட்டிக் கழித்துப் பாருங்கள்.